ஊசி முனையில் ஒரு வம்சம்

அம்மாவும் பெண்ணும் ஒரே வேலையில் இறங்கினால் என்ன நடக்கும்? சண்டைதானே! நியூயார்க்கின் ஹார்லெமில் கலை பிறந்திருக்கு சார்!

ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் அம்மா வில்லி போஸி, ஆடை வடிவமைப்பாளர். 1973-ல் அவர் உடை தைத்துக் கொடுக்க, மகள் முகமூடி செய்தார். சுவரிலும் மாட்டலாம், போட்டுக்கொண்டு ஆடவும் ஆடலாம்! கூடவே, வீட்டு மனுஷங்களையே துணிச் சிற்பங்களாக்கினார்.

அந்த ஊசிக்கு வயசு அதிகம். அடிமையாக இருந்த எள்ளுப்பாட்டி, எஜமானர்களுக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைத்தவர். 1980-ல் தாயும் மகளும் சேர்ந்து தைத்த போர்வையிலோ, 30 ஹார்லெம் முகங்கள்!

மறு வருஷமே அம்மா போய்விட்டார். மகள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. போர்வையிலேயே கதை எழுத ஆரம்பித்தார். 2024-ல், 93 வயதில் மறைந்தார்.

தன் ஜனங்களுக்காக அவர் தைத்த துணிகள் இன்று மியூசியங்களில். பி.காம். படித்த நான் சொல்கிறேன்... இந்தச் சொத்துக்குத் தேய்மானமே கிடையாது!