கோல்ஃப்: எந்த ‘டீ’யிலிருந்து ஆடுவது? வயதோ பாலினமோ அல்ல, அடிக்கும் தொலைவே அளவுகோல்

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். 2021-இல் அப்போட்டி நடைபெற்ற கசுமிகசேகி மைதானத்தில் ஆடவருக்கான ஆட்டத் தொலைவு 7,447 யார்டு. மகளிருக்கான தொலைவு 6,648 யார்டு. மைதானம் ஒன்றே. ஆட்டம் தொடங்கும் இடம் மட்டுமே மாற்றி அமைக்கப்பட்டது.

உலகின் முன்னணி வீரர், வீராங்கனைகளுக்கே அடிக்கும் திறனுக்கு ஏற்பத் தொலைவு மாற்றப்படுகிறது. ஆனால், வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடுவோரில் பலர் தங்களால் எட்ட முடியாத தொலைவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். அதிக ஸ்ட்ரோக்குகள், தாமதமாகும் ஆட்டம், மெல்ல மெல்லக் குறையும் ஆர்வம் ஆகியவையே இதன் விளைவு.

டீ என்பது என்ன?

கோல்ஃபில் ‘டீ’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பந்தைத் தாங்கும் சிறு குச்சி ஒன்று. ஒவ்வொரு குழிக்குமான ஆட்டத்தைத் தொடங்கும் திடல் மற்றொன்று. இங்கு குறிப்பிடப்படுவது இரண்டாவது பொருள்.

ஒவ்வொரு குழிக்கும் வெவ்வேறு தொலைவுகளில் பல டீக்கள் அமைக்கப்பட்டு, நிறக் குறியீடுகளால் அடையாளப்படுத்தப்படும். பல மைதானங்களில் கருப்பு அல்லது நீலம் பின்னாலும், வெள்ளை நடுவிலும், சிவப்பு முன்னாலும் இருக்கும். எனினும், இந்த வரிசை எல்லா மைதானங்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எனவே, நிறத்தைவிட ஸ்கோர் அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மொத்தத் தொலைவைப் பார்ப்பதே சரியானது.

தொலைவு ஏன் முக்கியம்?

நான்கு ஸ்ட்ரோக்குகளில் முடிக்க வேண்டிய ‘பார் 4’ குழி ஒன்று 400 யார்டு நீளம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அடியில் 300 யார்டு அனுப்பும் தொழில்முறை வீரருக்கு மீதமிருப்பது 100 யார்டு மட்டுமே. குறுந்தொலைவு மட்டையால் பந்தை உயர்த்தி அடித்து, கிரீன் எனப்படும் புல்தரையில் அவரால் நிறுத்த முடியும்.

அதே டீயிலிருந்து 200 யார்டு (சுமார் 183 மீட்டர்) அடிப்பவருக்கு இன்னும் 200 யார்டு மீதமிருக்கும். இரண்டாவது அடியையும் அவர் முழு வலிமையுடன் அடித்தாக வேண்டும். அப்போதும் கிரீனை எட்டுவது அரிது. அவர் அக்குழியை 300 யார்டு தொலைவிலிருந்து ஆடினால், அவருக்கும் மீதம் 100 யார்டுதான். மைதானத்தை வடிவமைத்தவர் எதிர்பார்த்த ஆட்டத்தை அப்போதுதான் அவர் ஆடுகிறார்.

எவ்வளவு அடித்தால் எந்தத் தொலைவு?

இதனை வலியுறுத்தி, அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அமெரிக்க பிஜிஏ அமைப்பும் 2011-இல் ‘டீ இட் ஃபார்வர்டு’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. டிரைவர் மட்டையால் சராசரியாக அடிக்கும் தொலைவுக்கு ஏற்ப, 18 குழிகளுக்கும் சேர்த்து அவை பரிந்துரைத்த மொத்தத் தொலைவு வருமாறு:

- 275 யார்டு அடிப்போர்: 6,700 முதல் 6,900 யார்டு வரை
- 250 யார்டு: 6,200 முதல் 6,400 வரை
- 225 யார்டு: 5,800 முதல் 6,000 வரை
- 200 யார்டு: 5,200 முதல் 5,400 வரை
- 175 யார்டு: 4,400 முதல் 4,600 வரை
- 150 யார்டு: 3,500 முதல் 3,700 வரை

மற்றொரு எளிய கணக்கும் வழக்கில் உள்ளது. 5-ஆம் எண் அயர்ன் மட்டையால் அடிக்கும் தொலைவை 36-ஆல் பெருக்க வேண்டும். 145 யார்டு அடிப்பவருக்கு இது 5,220 யார்டு. இவை விதிகள் அல்ல, வழிகாட்டிகள் மட்டுமே.

அளப்பதில் நேரும் பிழை

எப்போதோ ஒருமுறை காற்றின் துணையுடன் அடித்த மிகச் சிறந்த அடியையே தமது வழக்கமான தொலைவாகக் கருதுவது பலரது இயல்பு. சமதரையில் பத்துப் பந்துகளை அடித்து அவற்றின் சராசரியைக் கணக்கிடுவதே நம்பகமான முறை.

சூழலும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் விழும் பந்து அதிகம் உருள்வதில்லை. காற்றின் அடர்த்தி குறைந்த குல்மார்க் போன்ற உயரமான இடங்களில் பந்து கூடுதல் தொலைவு செல்லும். ஒரே நபருக்குப் பருவத்தையும் ஊரையும் பொருத்து ஏற்ற டீ மாறக்கூடும்.

தொலைவு மட்டுமே கடினத்தைத் தீர்மானிப்பதில்லை. தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் ஆடுபாதையின் இருபுறமும் அடர்ந்த புதர்கள் உள்ளன. அங்கு தொழில்முறை வீரர்களே பல குழிகளில் டிரைவரைத் தவிர்த்து, துல்லியமாக அடிக்க உதவும் மட்டைகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். பின் டீயில் நிற்கும் குறைந்த தொலைவு ஆட்டக்காரருக்கு அந்தத் தெரிவு கிடைப்பதில்லை.

சிவப்பு டீ மகளிருக்கு மட்டுமா?

முன் டீக்களை ‘லேடீஸ் டீ’, ‘சீனியர் டீ’ என்று அழைக்கும் பழக்கமே பலரது தயக்கத்துக்குக் காரணம். 160 யார்டு அடிக்கும் ஆண், கேலிக்கு அஞ்சிப் பின் டீக்குச் செல்கிறார். 230 யார்டு அடிக்கும் இளம்பெண் முன் டீக்கு அனுப்பப்படுகிறார். இரண்டுமே பொருத்தமற்றவை. எந்த நிறம் யாருக்கு உரியது என்று கோல்ஃப் விதிகள் வரையறுக்கவில்லை. போட்டிகளில் மட்டும் நடத்தும் குழுவே டீயை முடிவு செய்யும்.

முன்னாலிருந்து ஆடினால் நியாயமற்ற சாதகம் கிடைக்கும் என்ற அச்சத்துக்கும் விடை உள்ளது. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் தனித்தனியாக ‘கோர்ஸ் ரேட்டிங்’, ‘ஸ்லோப் ரேட்டிங்’ ஆகியவை கணக்கிடப்படுகின்றன. சராசரிக் கடினத்துக்கான ஸ்லோப் மதிப்பு 113. ஹேண்டிகேப் குறியீடு 20 உடைய ஒருவருக்கு, 113 ஸ்லோப் உள்ள டீயில் 20 ஸ்ட்ரோக்குகள் சலுகை என்றால், 130 ஸ்லோப் உள்ள டீயில் 23 கிடைக்கும். கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வேறுபாடும் இதனுடன் சேர்க்கப்படும். ஆகவே, தாத்தாவும் பேத்தியும் வெவ்வேறு டீக்களில் தொடங்கினாலும் சமமாகப் போட்டியிட முடியும்.

எப்போது மாற வேண்டும்?

பெரும்பாலான பார் 4 குழிகளில் இரண்டு நல்ல அடிகளுக்குப் பின்னரும் கிரீனை எட்ட முடியவில்லை எனில், ஒரு டீ முன்னால் செல்வது பொருத்தமானது. மாறாக, எல்லாக் குழிகளிலும் இரண்டாவது அடிக்குக் குறுந்தொலைவு மட்டையே போதுமானதாக இருந்தால் ஒரு டீ பின்னால் செல்லலாம். முன்னால் சென்றும் ஸ்கோர் குறையவில்லை எனில், சிக்கல் தொலைவில் அல்ல. கிரீனுக்கு அருகிலான ஆட்டத்தில்தான் பயிற்சி தேவை என்பதை அது உணர்த்தும்.