பேறுகாலச் செலவும் காப்பீடும்: சகோதரிகள் அறிய வேண்டியவை



இல்லறத்தின் பேறுகளுள் தலையாயது மக்கட்பேறு. வீட்டில் ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்று கேட்டவுடன் அனைவர் உள்ளமும் குளிர்கிறது. தலைப்பிரசவம் எந்த ஊரில், குழந்தைக்கு என்ன பெயர், அகீகாவுக்கு யாரை அழைப்பது என்றெல்லாம் பேசுகிறோம். மருத்துவமனைக்கு எவ்வளவு ஆகும், அதை யார் கொடுப்பது, எதிலிருந்து கொடுப்பது என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. "உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லப்படும் போதுதான் அது எழுகிறது. அந்த வேளையில் கைக்கு எட்டுவது கழுத்திலுள்ள நகையும் அடகுக் கடையுமே. வட்டி ஹராம் என்று அறிந்த குடும்பம், ஒரு குழந்தையின் வரவை வட்டிக் கடனோடு தொடங்க நேர்வது எத்துணை வருந்தத்தக்கது!

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் கணவனும் மனைவியும் அமர்ந்து, எது இலவசமாகக் கிடைக்கும், எதைக் காப்பீடு தரும், எதைத் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே!"

வணிகக் காப்பீடு கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆயினும், வேலை பார்க்கும் நிறுவனம் தந்ததாகவோ தாமே எடுத்ததாகவோ பல வீடுகளில் மருத்துவக் காப்பீடு இருக்கவே செய்கிறது. அது பிரசவச் செலவையும் ஏற்கும் என்று எண்ணியிருப்பவர்கள் பலர். அவர்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

சாதாரண மருத்துவப் பாலிசிகள் பலவற்றில் பிரசவச் செலவு விலக்கப்பட்ட இனங்களுள் ஒன்றாகும். சுகப்பிரசவமாயினும் சிசேரியனாயினும், அதற்கெனத் தனிப் பயன் சேர்க்கப்பட்டிருந்தாலன்றிப் பணம் கிடைக்காது. கருப்பைக்கு வெளியே கருத்தரித்து அதற்குச் சிகிச்சை தேவைப்படுவது மட்டும் இவ்விலக்கில் அடங்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2020ஆம் ஆண்டு எல்லா நிறுவனங்களும் கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்னும் பொதுப் பாலிசியிலும் பிரசவம் விலக்கப்பட்டே இருக்கிறது.

பிரசவப் பயன் உள்ள பாலிசியாயின், பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்.

முதலாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்து 9 மாதம் முதல் 4 ஆண்டு வரை கழிந்த பின்னரே இப்பயன் தொடங்கும். ஆகவே கருவுற்ற பின் எடுக்கும் தனிப் பாலிசி அந்தப் பிரசவத்துக்கு உதவாது. நிறுவனங்கள் தம் பணியாளர்க்கென எடுக்கும் குழுக் காப்பீட்டில் இக்காத்திருப்பு பெரும்பாலும் இராது.

இரண்டாவது, உச்சவரம்பு. பாலிசித் தொகை 5 இலட்சமாக இருக்கலாம். பிரசவத்துக்கான வரம்பு அதில் ஒரு சிறு பங்காகவே இருக்கும். ஓர் உதாரணம் கூறுவோம். சிசேரியனுக்கு வரம்பு 50,000 ரூபாய். மருத்துவமனைக் கட்டணம் 80,000 ரூபாய். மீதி 30,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. மாதாந்தரப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை ஆகியவை புறநோயாளிச் செலவுகள். பாலிசியில் அவை குறிப்பிடப்படாதிருந்தால் அவையும் உங்கள் கையிலிருந்தே போகும்.

மூன்றாவது, அறை வாடகை. நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறைதான் அனுமதி என்றிருக்க, நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், பல பாலிசிகளில் வாடகை வேறுபாட்டோடு மருத்துவர் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும்.

நான்காவது, பிறந்த குழந்தை. பல பாலிசிகள் குழந்தையை 91ஆம் நாளிலிருந்தே ஏற்கின்றன. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்படும் குழந்தைக்கோ முதல் நாளிலிருந்தே செலவு தொடங்கிவிடும். பிரசவத்தைக் காட்டிலும் பெருஞ்செலவு இதுவாக அமையக்கூடும். எனவே முதல் நாளிலிருந்து காப்பு உண்டா, எத்தனை நாள்களுக்குள் குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

உங்கள் உரிமைகள்

அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் ஒவ்வொரு தாய்க்கும் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ்ச் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வாகன வசதி அனைத்தும் இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் சிகிச்சை இலவசமே.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்கு, முதல் இரு பிரசவங்களுக்கு, 18,000 ரூபாய் பெறுமான உதவி தருகிறது. இதில் 14,000 ரொக்கம். எஞ்சியது இரு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இதனைப் பெற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புறச் செவிலியரிடமோ பதிவு செய்து 'பிக்மி' எண் பெறுவது இன்றியமையாதது. தனியார் மருத்துவமனைக்குச் செல்வோரும் இவ்வெண்ணைப் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேட்கப்படுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் சகோதரிகள் தமக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறதா எனப் பாருங்கள். முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. கணவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் மனைவிக்கும் அதில் மருத்துவ வசதி உண்டு.

"அரசு மருத்துவமனையில் கோஷாவுக்கு இடமேது?" என்று தயங்குவோர் நம்மில் உளர். சென்னை திருவல்லிக்கேணியில் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று மக்கள் வழங்கும் மருத்துவமனை, முக்காடிட்ட பெண்கள் பெண் மருத்துவரிடமே சிகிச்சை பெற வேண்டுமென்பதற்காக 1885இல் தொடங்கப்பட்டது. மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் அதற்கு வித்திட்டார். இன்று அது கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு முன்னரே ஒருமுறை சென்று, பெண் மருத்துவர் எந்த வேளைகளில் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செலவு யாருடையது?

தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது என்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மட்டுமன்றிப் பிற ஊர்களிலும் இது உண்டு. திருமணக் கடனே தீராத ஒரு வாப்பாவின் தலையில் இதுவும் ஏறுகிறது. திருக்குர்ஆனோ, தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைக் குழந்தையின் தந்தை மீது வைக்கிறது (2:233). மணவிலக்குச் செய்யப்பட்ட மனைவி கருவுற்றிருந்தால்கூட, பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவிடக் கட்டளையிடுகிறது (65:6). அவ்வாறிருக்க, தன்னோடு வாழும் மனைவியின் பேறுகாலத்தில் கணவர் ஒதுங்கி நிற்பது எங்ஙனம் தகும்? பெற்றோர் மனமுவந்து தருவது அன்பளிப்பு. அதைக் கடமையாக்கிக் கேட்பது அநீதி.

ஆகவே சகோதரர்களே, நல்ல செய்தி கேட்ட மாதமே ஒரு தொகையை ஒதுக்கத் தொடங்குங்கள். சபுரில் இருப்போர் வீட்டுச் செலவோடு சேர்க்காமல் இதனைத் தனியே அனுப்புங்கள். சுகப்பிரசவத்தை எதிர்பார்த்து, சிசேரியனுக்கும் போதுமான அளவு சேருங்கள். இயலாத குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் தர ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல்மாலும் முன்வந்தால், எத்தனையோ நகைகள் அடகுக் கடைக்குப் போகாமல் காக்கப்படும்.

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. நம் சகோதரிகளுக்கு இலேசான பிரசவத்தையும் ஸாலிஹான மக்களையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.