தொப்பூர் மலையும் டாங்கி ரேடியோவும்

தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது வளைவுக்கு வளைவு எஃப்.எம். பாட்டு கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர்தான். மலைமுகடு மறித்தால் அதைத் தாண்டி வளைந்து வருவது கடினம். அலை நீளநீள வளையும் தன்மையும் கூடும். சோவியத் டாங்கிகளில் இருந்த ஆர்-123 ரேடியோ 20 முதல் 51.5 மெகாஹெர்ட்ஸ் வரை பேசியது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 6 முதல் 15 மீட்டர். மேடுபள்ளமான நிலத்துக்கு அது தோதானது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை சோவியத் உரிமம் பெற்று டி-72 டாங்கிகளைக் கட்டியது. நம் ராணுவம் அவற்றுக்கு வைத்த பெயர் 'அஜேயா'. அந்த டாங்கிக் குடும்பத்தில் பரவலாக இருந்த ரேடியோ, ஆர்-123இன் ஒரு வடிவமான ஆர்-123எம். சுமார் 20 வாட் திறன், 4 மீட்டர் கம்பி ஏரியல். சமவெளியில் ஓடிக்கொண்டே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை பேசலாம்.

அதன் உறுதிக்குக் காரணம் உலோகத் தடிமன் மட்டுமல்ல. நான்கு அலைவரிசைகளை முன்கூட்டியே அமைத்து, திருகி இறுக்கிப் பூட்டிவிடலாம். பிறகு தேர்வுக் குமிழைத் திருப்பினால், சிறு மோட்டார் சுழன்று பூட்டிய இடத்தில் போய் நிற்கும். மின்சாரம் போனாலும் இந்த நினைவு அழியாது, ஏனென்றால் அது இரும்பில் இருக்கிறது! குண்டும் குழியுமான பாதையில், கையுறை போட்ட விரலால் இயக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்த ரேடியோவில் ஒலிபரப்பும் வால்வின் (வெற்றிடக் குழாயின்) பெயர் ஜி.யு.-50. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் வடிவமைத்த எல்.எஸ்.50 வால்வின் சோவியத் வடிவம் அது. தலையில் உலோக மூடி, அதில் ஒரு குமிழ். பிடித்து இழுத்தால் வால்வு வெளியே வந்துவிடும். புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. சால்டரிங் தேவையில்லை. டாங்கியின் 26 வோல்ட் மின்சாரத்தை வால்வுக்கு வேண்டிய பல நூறு வோல்ட்டாக உயர்த்தத் தனிப் பெட்டி உண்டு. பழுது எந்தப் பெட்டியில் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றலாம்.

எஞ்சின் இரைச்சலுக்கு வீரர்களிடம் தொண்டை மைக் இருந்தது. காற்றில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு, குரல்வளையின் அதிர்வையே அது பிடிக்கும்.

குறையும் உண்டு. வால்வு சூடாகும், மின்சாரத்தை விழுங்கும், காலப்போக்கில் வலுவிழக்கும். அடுத்து வந்த ஆர்-173 டிரான்சிஸ்டர்களுக்கு மாறியது.

அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குரிய 28 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஆர்-123இன் எல்லைக்குள்ளேயே வருகிறது. கிழக்கு ஐரோப்பாவில் பலர் அந்தப் பழைய பெட்டிகளைத் துடைத்து இன்றும் பேசுகிறார்கள். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். தருமபுரிப் பிள்ளைகளே, எழுதிப் பாருங்கள்.