இமைப் பயிற்சி தொங்கும் இமையைத் தூக்குமா?

மேலிமையை உயர்த்துவது முக்கியமாக ஒரே ஒரு தசைதான். அதை இயக்குவது மூன்றாவது மூளை நரம்பு. அந்தத் தசையின் அடியிலுள்ள சிறிய முல்லர் தசை, இமையைக் கூடுதலாகச் சுமார் 2 மி.மீ. உயர்த்துகிறது.

வயதானால் இமை ஏன் தொங்குகிறது?

பெரும்பாலும் தசை சோர்ந்துபோவதால் அல்ல. தசையை இமையோடு பிணைக்கும் தசைநாண் நெகிழ்கிறது அல்லது பிடி விடுகிறது. சிலருக்குத் தோல் தளர்ந்து மடிப்பாகச் சரிகிறது. நெகிழ்ந்த நாணையோ மிகுந்த தோலையோ எந்தப் பயிற்சியும் சுருக்காது.

பயிற்சி என்ன செய்கிறது?

கண்ணை இறுக மூடித் திறந்தால் வேலை பெறுவது கண்ணை மூடும் வட்டத் தசை. தூக்கும் தசைக்கு அது நேர் எதிரி. புருவத்தை உயர்த்தினால் நெற்றித் தசை இமையைச் சற்றே ஏற்றும், விட்டதும் இறங்கிவிடும். விரலால் அழுத்தித் தேய்ப்பது தளர்ச்சியைக் கூட்டவே செய்யும்.

எது உதவும்?

தொங்கும் இமை பார்வையை மறைத்தால் அறுவை சிகிச்சையில் தசைநாணை இறுக்கலாம், மிகுந்த தோலை அகற்றலாம். முல்லர் தசையைத் தூண்டும் ஆக்ஸிமெட்டாசொலின் சொட்டு மருந்துக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் பலன் சில மணி நேரமே.

மாலையில் இமை அதிகம் தொங்கினால், நரம்பு–தசை இணைப்பைத் தாக்கும் மயஸ்தீனியா நோயா என்று பரிசோதிக்க வேண்டும். திடீரென இமை சரிந்து, இரட்டைப் பார்வையோ கடும் தலைவலியோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கம்கூடக் காரணமாகலாம்.