ஏட்டில் உறங்கிய உடற்கூறு

மனித உடம்பின் புறவழகை ஓவியன் நோக்குகின்றான். அதன் அகத்தமைப்பை வைத்தியன் ஆராய்கின்றான். இவ்விரு நோக்கும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. அங்ஙனம் அமையப் பெற்றவருள் தலையாயவர் இத்தாலிய ஓவியர் லியொனாடோ டா வின்சி (1452–1519) ஆவர். அவர் வரைந்த உடற்கூற்றுப் படங்கள் ஆங்கில அரச குடும்பத்தின் சேகரத்தில் வின்சர் மாளிகையிற் பேணப்படுகின்றன. அவற்றுட் பல, 2012ஆம் ஆண்டில் இலண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையைச் சார்ந்த கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அத்தகைய தாள்களை நோக்கும் முறை யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் தோளும் கையும் வரையப்பட்ட தாளை நோக்குக. ஒரே உறுப்பைப் பல பக்கங்களினின்றும் சுற்றிவந்து காண்பதுபோல் அடுத்தடுத்து வரைந்துள்ளார். படத்தின் அருகே அவர் எழுதிய குறிப்புக்கள் வலமிருந்து இடமாகச் செல்வன. கண்ணாடியிற் பிடித்தாலன்றி எளிதிற் படித்தல் இயலாது.

அடுத்து ஒரு முதியவரின் உடற்படங்கள் உள. புளோரன்ஸ் நகர வைத்தியசாலையில், நூறாண்டு கடந்தவராகத் தம்மைக் கூறிய ஒருவர், 1507–08ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோவின்றி உயிர் நீத்தார். அவ்வமைதியான சாவின் காரணத்தை அறிய விரும்பிய ஓவியர், அவருடலை அறுத்து ஆராய்ந்தார். குருதிக் குழாய்கள் தடித்து ஒடுங்கியிருந்தமையைக் கண்டு குறித்துவைத்தார்.

கருப்பையிற் சிசு சுருண்டிருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அதிலோ ஒரு பிழையும் உளது. மானிடர்க்குரிய சூல்வித்தகம் ஒரே வட்டமாய் அமைவது. அவரோ பசுவின் கருப்பையிற் காணப்படுமாறு பல சிறு திரள்களாக அதனை வரைந்துவிட்டார். தாம் காணாத இடத்தைக் கண்டதொன்றினால் நிரப்பியதன் விளைவு இது. மாணவர் இதனை மறத்தலாகாது.

எனினும் இப்பிழையினும் பெரிய குறையொன்று உண்டு. அவர் இவற்றை நூலாக்கி வெளியிடவில்லை. 1519இல் அவர் மறைந்தபின் தாள்கள் மாணாக்கர் ஒருவர் கைக்குச் சென்றன. 1543இல் வெசேலியசு என்பார் உடற்கூற்று நூலொன்றைப் பாசல் நகரில் அச்சிட்டார். வைத்திய உலகம் அதனைக் கொண்டே கற்றது. முன்னரே கண்டவரின் தாள்களோ, நூற்றாண்டுகள் பல கடந்தபின்னரே அச்சேறின.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கொரு மறுதலை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்கி அச்சிடுவித்தார். அவர் புதிதாய்க் கண்டவை அல்ல அவை. ஆயினும் அவற்றால் தமிழ் மாணவர் பலர் வைத்தியராயினர்.

ஆசிரியராகிய எம்மிற் பலரது அலுமாரிகளிலும் அச்சேறாக் குறிப்பேடுகள் உறங்குகின்றன. பழைய மாணவர்களிடத்தும் அவ்வாறே இருத்தல் கூடும். கற்றதைப் பிறர் கையில் ஒப்படைத்தபோதே கல்வி முற்றுப்பெறும் என்பதை அத்தாள்கள் நமக்கு உணர்த்துகின்றன.