பாசி உணவு: பயனும் பாதுகாப்பும்

சத்துக்குறைவைப் போக்கும் வழிகளுள் ஒன்றாக ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இதனை உலர்த்தி உண்பது வழக்கம். நம் நாட்டில், சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், சி. வி. சேஷாத்ரியின் தலைமையில், இதனைக் கிராமங்களில் வளர்க்கும் எளிய முறைகளை உருவாக்கிற்று. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் வழங்கப்பட்டது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் இதனால் பெரிதும் குறைந்தன எனப் பதிவாயிற்று.

ஆயினும் பயனை மிகைப்படுத்தலாகாது. இப்பாசியில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம் என்பது உண்மையே. ஆனால் 1 கிராமில் கிடைப்பது 0.6 கிராம்தான். ஒரு கைப்பிடிப் பருப்பு அதனினும் பன்மடங்கு தரும். இதிலுள்ள பி12 பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத வடிவிலேயே உள்ளது. எனவே, சைவ உணவினர் இதனையே நம்பியிருத்தல் கூடாது.

தீங்கு பெரும்பாலும் பாசியினின்றன்று, அது வளரும் நீரினின்றே எழுகிறது. நன்கு பராமரிக்கப்படும் தொட்டியின் மிகுந்த காரத்தன்மை பிற உயிர்களைப் பெரிதும் தடுக்கும். திறந்த ஏரியில் அக்காப்பு இல்லை. அமெரிக்காவின் கிளாமத் ஏரியில் வேறொரு பாசி சேகரிக்கப்பட்டு விற்கப்பட்டது; கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு அதில் கலந்திருப்பது தெரிந்ததும், 1997-இல் ஆரிகன் மாநிலம் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என வரம்பு விதித்தது. பின்னர் சோதித்த 87 மாதிரிகளுள் 63 அவ்வரம்பை மீறியிருந்தன. ஆகவே, திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் குளமாயினும் வேறெந்தத் தேக்கநீராயினும், தானே படரும் பாசியை உணவாகக் கொள்ளலாகாது. அசுத்த நீரில் வளர்ந்த பாசி ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களையும் ஈர்த்துக்கொள்ளும்.

தூய பாசியும் சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, ஒவ்வாமை ஆகியவற்றை உண்டாக்கலாம். பிறவியிலேயே பினைல்கீட்டோன்யூரியா நோய் உடையோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். தன்னெதிர்ப்பு நோயாளிகள், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. பிரான்சு நாட்டு உணவுப் பாதுகாப்பு முகமை 2017-இல் இத்தகைய எச்சரிக்கையையே வெளியிட்டது.

சத்துணவுத் திட்டங்களுக்குப் பாசி கொள்முதல் செய்யும் அலுவலர்கள் விலையை மட்டும் ஒப்பிடுதல் போதாது. உணவுப் பாதுகாப்பு உரிமம், வளர்த்த இடம், ஒவ்வொரு தொகுதிக்குமான நஞ்சு, உலோகச் சோதனைச் சான்று ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். உண்பவர் குழந்தைகளாயின், இச்சோதனைக்கு ஆகும் செலவு வீண்செலவாகாது.