ஹெட்லைட் எத்தனை வோல்ட்டில் கண்ணை மூடும்?

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு 'லோ வோல்டேஜ்' என்றால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. விசைத்தறி மோட்டார் முக்கி முனகும், கிணத்து மோட்டாரில் காயில் போகும், குண்டு பல்பு மட்டும் சிவந்துபோய் எரிந்துகொண்டிருக்கும். இதே லோ வோல்டேஜ் காரிலும் உண்டு. ஹாலஜன் பல்பு இருந்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்.இ.டி. ஹெட்லைட் வந்ததும் கதை மாறிவிட்டது.

'12 வோல்ட் பேட்டரி' என்கிறோமே, நண்பர்களே, அது 12-ல் நிற்பதே இல்லை. நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருந்தால் 12.6. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் புண்ணியத்தில் 14 பக்கம். ஸ்டார்ட்டர் சுற்றுகிற அந்தக் கணத்தில்? கார் ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; பேட்டரியின் உள்மின்தடையிலேயே சில வோல்ட் போய்விடும். மிச்சம் 9, 8, சில சமயம் 6. வாகன எலக்ட்ரானிக்ஸைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 16750-2 தரத்தில் இந்தப் பள்ளத்தை 4.5 வரைக்கும், கடுமையான நிலையில் 3 வோல்ட் வரைக்கும்கூட இறக்கிப் பார்க்கிறார்கள்.

இது பனி கொட்டுற நாட்டுக்காரன் கவலை, சீமைக் கருவேலம் காய்கிற திருச்சுழிப் பக்கம் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. குளிர் பேட்டரியைத் தற்காலிகமாகச் சோர வைக்கும். வெயில் நிரந்தரமாகவே கெடுக்கும். தண்ணீர் வற்றும், பிளேட் அரிக்கும், உள்மின்தடை ஏறும். நாலைந்து கோடை கண்ட பேட்டரியில் பள்ளம் தானாகவே ஆழமாகிவிடுகிறது.

சரி, சிப்புக்கு வருவோம். எல்.இ.டி.க்கு வேண்டியது நிலையான கரண்ட். அதைக் கொடுப்பதுதான் டிரைவர் சிப். எல்.எம்.3409 என்று ஒரு சிப். டேட்டா ஷீட்டில் 6 முதல் 42 வோல்ட் என்று போட்டிருக்கும். "அப்போ 6 வோல்ட்டிலும் லைட் எரியும்ல?" என்று கேட்டால், எரியாது! 6 என்பது சிப் விழித்திருக்கத் தேவையான வோல்டேஜ்; விளக்குக்கு அல்ல. இது வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் 'பக்' வகை. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட். நாலைத் தொடராகக் கோர்த்தால் 12. அதற்கு மேலே கொஞ்சம் இருந்தால்தான் முழு வெளிச்சம். பேட்டரி 11-க்கு வந்தாலே ஆட்டம் குளோஸ். இரண்டே எல்.இ.டி. என்றால் 7 வோல்ட் பக்கம் வரை தாங்கும்.

ஏற்றிக் கொடுக்கும் 'பூஸ்ட்' வகை வைத்தால்? எல்.டி.3755 என்ற கன்ட்ரோலரை அப்படி அமைக்கலாம், 4.5 வோல்ட் போதும். எட்டு எல்.இ.டி., 24 வோல்ட், 1 ஆம்பியர், ஆக 24 வாட். எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் உள்ளே 28 வாட் போக வேண்டும். 14 வோல்ட்டில் அது 2 ஆம்பியர். 6 வோல்ட்டிலோ 4.7! நம்ம கிணத்து மோட்டார் குணம்தான்: வோல்டேஜ் குறையக் குறைய அதிகம் இழுக்கும்.

வில்லங்கம் இங்கேதான். டெர்மினலில் பச்சை பூத்து, எர்த் போல்ட் துருப்பிடித்து, வயரிங்கில் 0.2 ஓம் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 4.7 ஆம்பியருக்கு அங்கேயே ஏறத்தாழ 1 வோல்ட் காலி. சிப்புக்கு வருவது 5. உடனே இன்னும் அதிகம் இழுக்கும், இன்னும் இறங்கும். கடைசியில் 'அண்டர் வோல்டேஜ் லாக்-அவுட்' வந்து சிப் தன்னை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தியதும் கரண்ட் இல்லை, வயரிங் இழப்பு இல்லை, போன வோல்டேஜ் திரும்ப வரும், சிப் விழிக்கும், மறுபடி விழும். ஹெட்லைட் கண் சிமிட்டுகிறது! கடையில் "பல்பு டூப்ளிகேட்டுங்க" என்று கையை விரிப்பார்கள். பல்பு மேல் தப்பே இல்லாமலும் இது நடக்கும். நிற்கும் வோல்டேஜுக்கும் மறுபடி எழும் வோல்டேஜுக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஹிஸ்டெரிசிஸ், வயரிங் இழப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். 3755-ல் அதை வெளியே வைக்கும் இரண்டு ரெசிஸ்டரால் நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஹெட்லைட்டை சுவிட்சே துண்டித்துவிடும். அங்கே இந்தத் தொல்லை குறைவு. துண்டிக்காத வண்டி, ராத்திரி திருச்சுழி ரோட்டு வளைவில் நின்றுபோய், திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கிறது என்று வையுங்கள். எதிரே கரிமூட்டை ஏற்றிய லாரி. ஹாலஜன் என்றால் 15 சதவீதம் வோல்டேஜ் இறங்கினாலே வெளிச்சம் பாதியை ஒட்டி வந்துவிடும். ஆனாலும் மங்கலாகவாவது எரியும், லாரிக்காரர் கண்ணில் படும். லாக்-அவுட் ஆன எல்.இ.டி. சுத்தமாக இருட்டு.

லேபில் பார்க்க ஆசையா? போதிய ஆம்பியர் தரும் ரெகுலேட்டட் பவர் சப்ளையில் விளக்கை மாட்டி, 14-லிருந்து மெதுவாக இறக்குங்கள். மங்கத் தொடங்கும் வோல்டேஜ், அணையும் வோல்டேஜ், திரும்ப ஏற்றும்போது எரியும் வோல்டேஜ் மூன்றையும் குறியுங்கள். பிறகு நடுவில் 0.2 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, மறுபடி முதலிலிருந்து இறக்குங்கள்.